கையில் பச்சைகுத்திய பெயர்

இருதயசாமி ஒரு பிணத்தைப் பார்த்தால் முதலில் கால்களைத்தான் பார்ப்பார். முகத்தை நம்ப முடியாது என்பார். செத்து ஒரு நாள் போனால் எல்லா முகமும் ஒரே மாதிரி ஆகிவிடும். கால் அப்படி இல்லை. செருப்புப் போட்ட காலா, போடாத காலா, சைக்கிள் மிதித்த காலா, நாள் முழுக்க நாற்காலியில் தொங்கி வீங்கின காலா என்று அது சொல்லிவிடும்.

தில்லியில் ஓர் அரசு மருத்துவமனையின் பிணவறையில் அவர் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தார், நடுவில் ஒரு பதினான்கு மாதம் நீங்கலாக. எந்த மருத்துவமனை என்பது இங்கே வேண்டாம். லால்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவர். அறுபத்தாறில், ராணுவத்தில் சமையல்காரராக இருந்த அக்கா புருஷனை நம்பி ரயிலேறி வந்து வார்டு பாயாகச் சேர்ந்தார். எழுபதில் பிணவறைக்கு ஆள் கேட்டபோது ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள். காரணம் சொல்லும் அளவுக்கு இருதயசாமிக்கு அப்போது ஹிந்தி வரவில்லை. அப்படித்தான் அந்த வேலை அவருக்கு வந்து சேர்ந்தது.

எனக்கு அவரைத் தெரிய வந்தது எழுபத்தேழில். என் தங்கை புருஷன் ஸ்கூட்டரில் போகும்போது பஸ் மோதி இறந்துபோனார். உடலை வாங்க நான்தான் போனேன். மத்திய சர்க்காரில் குமாஸ்தா நான். கையெழுத்துப் போடும் காகிதங்களைப் பார்த்து என்றைக்கும் பயந்ததில்லை. அன்றைக்கு எந்த இடத்தில் போடுவது என்று தெரியாமல் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு ஒல்லியான மனிதர் வந்து, தணிந்த குரலில் தமிழில் கேட்டார்.

“சார், அவருக்கு வகிடு எந்தப் பக்கம்?”

இடது பக்கம் என்றேன். வெளியே கொண்டுவந்தபோது தலை படிய வாரி, இடது பக்கம் வகிடு எடுத்திருந்தது. என் தங்கை பார்த்தது அந்த முகத்தைத்தான். அதற்காகவே அவரை நான் மறக்கவில்லை. பிறகு அவ்வப்போது பார்த்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது.

தினமும் சாவைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு நிதானம் வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். இருதயசாமிக்கு வந்தது அவசரம். ஊரிலிருந்து கடிதம் வந்தால் அன்றைக்கே பதில் போட வேண்டும். வீட்டில் சண்டை வந்தால் டியூட்டிக்குக் கிளம்புவதற்குள் தீர வேண்டும். அவர் மனைவி பிலோமினா அதே மருத்துவமனையில் பிரசவ வார்டு நர்ஸ். “இந்த மனுஷனோட ஒரு நாள் முழுசாக் கோவிச்சுக்கிட்டு இருக்க முடியாது. பஸ் வர்றதுக்குள்ள சமாதானம் ஆகணும்பாரு” என்று சொல்லிச் சிரிப்பாள்.

அதில் வேடிக்கை ஒன்றும் இல்லை. காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பினவர்களின் சட்டைப் பைகளைக் காலி செய்து பட்டியல் எழுதுவது அவருடைய வேலை. ரேஷன் சீட்டு, பாதி தின்ற வேர்க்கடலைப் பொட்டலம், சாயங்காலம் வாங்க வேண்டிய சாமான்கள் எழுதின துண்டுக் காகிதம். சாயங்காலம் என்ற ஒன்று இருக்கிறது என்று நிச்சயமாக நம்பினவர்கள் எல்லாரும். மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்த மகள் அல்போன்சாவின் பாவாடை உள்மடிப்பில் பெயரும் விலாசமும் தைத்துவிட்டிருந்தார். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அது தாங்க முடியாத அவமானம். அழுது பார்த்தாள். அவர் கேட்கவில்லை.

பெயர் தெரியாத பிணம் ஒன்று வந்துவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டதற்கு தில்லியில் ஒரு சொல் உண்டு, லாவாரிஸ். கேட்க நாதியில்லாதது என்று அர்த்தம். எழுபத்திரண்டு மணி நேரம் வைத்திருப்பார்கள். யாரும் வராவிட்டால் வண்டி வந்து எடுத்துப்போய் எரித்துவிடும்.

எண்பத்தொன்று ஜூன் மாதம். அனல்காற்று வீசிக்கொண்டிருந்தது. ‘லூ’ என்பார்கள், உச்சிவேளையில் நடந்து போகிறவனை அப்படியே சுருட்டிப் போட்டுவிடும். நடைபாதையில் விழுந்து செத்தவர்கள் தினமும் இரண்டு மூன்று பேர் வந்தார்கள். திங்கட்கிழமை காலை பதினொன்று பத்துக்கு ஒரு ஹெட் கான்ஸ்டபிள் ஒருவனைக் கொண்டுவந்தார். முப்பது வயது இருக்கும். ‘பிச்சைக்காரன், லூ அடித்து இயற்கை மரணம், லாவாரிஸ்’ என்று காகிதம் முன்பே தயாராக இருந்தது.

இருதயசாமி கால்களைப் பார்த்தார். விரல் இடுக்குகளில் சிமெண்டு தின்ற புண்கள். நகக்கண்களில் சாம்பல் நிறத்தில் கெட்டிப்பட்ட சாந்து. பிச்சைக்காரனின் கால் இல்லை அது. தலையைத் தூக்கினார். பின்மண்டை பொதபொதவென்று உள்ளே போயிற்று. ரத்தத்தை யாரோ கழுவிவிட்டிருந்தார்கள்.

பிறகு இடது முழங்கையின் உள்பக்கத்தைத் திருப்பினார். பச்சை குத்தியிருந்தது. காகிதத்தில் போலீஸ் அதை ‘ஏதோ பூ மாதிரி டிசைன்’ என்று எழுதியிருந்தது. பூ இல்லை. கோணல்மாணலாக மூன்று எழுத்து. பொன்னி.

“இது மதராஸி எழுத்து. ஒரு பெண்ணின் பெயர். இவன் பெண்டாட்டியாக இருக்கும்” என்று ஹெட் கான்ஸ்டபிளிடம் சொன்னார்.

அவர் பேனாவை மூடிக்கொண்டே ஹிந்தியில் சொன்னார்: “அப்படியென்றால் அவள் மதராஸில் இருப்பாள். இங்கே எங்கே வரப்போகிறாள்? வியாழக்கிழமை பதினொன்று பத்து. அத்தோடு முடிந்தது.”

“தலை உடைஞ்சிருக்கு.”

“மயங்கி விழுந்தால் தலை உடையாதா?”

இருதயசாமி டாக்டரிடம் போனார். டாக்டர் நல்ல மனிதர்தான். ஆனால் போலீஸ் கேட்காமல் பிரேதப் பரிசோதனை செய்ய அவருக்கு அதிகாரம் இல்லை. “சொந்தக்காரர் யாராவது நேரில் வந்து அடையாளம் காட்டி, எனக்குச் சந்தேகம் இருக்கிறது என்று சொன்னால் நான் பேசிக்கொள்கிறேன். அதற்கு முன்னால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது” என்றார்.

ஆக, பொன்னி வேண்டும். வியாழக்கிழமை பதினொன்று பத்துக்குள் வேண்டும்.

அந்த வருஷம் தில்லி முழுவதையும் தோண்டிப் போட்டிருந்தார்கள். அடுத்த வருஷம் சர்வதேச விளையாட்டுப் போட்டிகள். பாலங்கள், ஹோட்டல்கள், அடுக்கு வீடுகள் என்று இரவு பகலாக வேலை. தர்மபுரி, சேலம் பக்கத்திலிருந்து மேஸ்திரிகள் ஆண்களையும் பெண்களையும் கூட்டங்கூட்டமாக ரயிலில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். திங்கட்கிழமை டியூட்டி முடிந்ததும் இருதயசாமி பஸ் ஏறினார். முதலில் போன இரண்டு இடத்திலும் இருந்தவர்கள் தமிழ் தெரியாத பிலாஸ்பூர்க்காரர்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் தெற்கு தில்லியில் பாதி எழும்பி நின்ற ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் போனார். சுற்றிலும் தகரம் அடித்திருந்தது. உள்ளேயிருந்து தமிழ்ப் பேச்சு கேட்டது.

வாசலில் காவலுக்கு நின்ற சௌகிதார் தடுத்துவிட்டான். எதிர் டீக்கடையில் மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். இருதயசாமி பக்கத்தில் போய், “இங்க பொன்னின்னு ஒரு பொம்பளை வேலை செய்யுதுங்களா?” என்று கேட்டார்.

“பொன்னியா? அப்படி யாருமில்லைங்க” என்றார் மேஸ்திரி.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் இருதயசாமிக்கு உறைத்தது. அந்த ஆள் யோசிக்கவே இல்லை. எதற்குக் கேட்கிறீர்கள் என்றும் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு, வெள்ளை சஃபாரி உடுப்பு போட்ட ஒருவன் பிணவறை வாசலுக்கு வந்தான். அங்கே வருகிற எல்லாரும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். இவன் பொத்திக்கொள்ளவில்லை. மரியாதையாகப் பேசினான்.

“பாயி சாஹிப், நேற்று எங்கள் சைட்டுக்கு வந்திருந்தீர்களாமே. உங்கள் சுப நாமம்?”

இருதயசாமி பெயரைச் சொன்னார். அவன் ஒரு சின்ன டயரியில் எழுதிக்கொண்டான். எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதினான்.

“குவார்ட்டர்ஸ் எண் எழுபத்தாறுதானே? பெண் பஸ்ஸில் தனியாகத்தான் பள்ளிக்கூடம் போகிறாளா? வெயில் காலம். ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லுங்கள்.”

டயரியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். பதினொரு வருஷமாகச் செத்தவர்களின் பெயரை அவர்தான் எழுதிக்கொண்டிருந்தார். அவர் பெயரை இன்னொருவன் எழுதியது அதுதான் முதல் தடவை.  அல்போன்சாவுக்கு அப்போது விடுமுறை, வீட்டில்தான் இருந்தாள். ஆனாலும் டியூட்டியை விட்டுவிட்டு குவார்ட்டர்ஸுக்கு ஓடி, அவள் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறாளா என்று பார்த்துவிட்டு வந்தார்.

அன்றைக்கே பன்னிரண்டு மணிக்கு மின்சாரம் போயிற்று. நாலு மணி நேரம் வரவில்லை. குளிர்சாதனம் நின்று, உள்ளே இருந்த உடல்கள் கெட ஆரம்பித்தன. இருதயசாமி ஐஸ் பாளங்களை உடைத்து உடைத்து அடுக்கினார். அந்தக் கையின் மேல் மட்டும் ஈரச் சாக்கு ஒன்றைத் தனியாகப் போட்டார். தோல் உரிந்தால் எழுத்தும் போய்விடும்.

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். கிட்வாய் நகரில் என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. இருதயசாமி நின்றார். பின்னால் பிலோமினா, நர்ஸ் உடுப்பை மாற்றாமல். என் மனைவி விசாலாக்ஷி கதவைத் திறந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். உள்ளே வாருங்கள் என்று அவளுக்கு வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை. அவர் எங்கிருந்து வருகிறார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். மாதாகோவிலிலேயே அவர் உட்கார்ந்த பெஞ்சில் அடுத்தவர்கள் ஓர் ஆள் இடம் விட்டுத்தான் உட்காருவார்கள். இருதயசாமி அதையெல்லாம் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளாமல் மாடிப்படியிலேயே நின்றபடி நடந்ததைச் சொன்னார்.

“சார், மாஜிஸ்திரேட்டுக்கு இங்கிலீஷ்ல ஒரு மனு எழுதிக் குடுங்க. ஒரு ரெண்டு நாள் நிறுத்தி வைக்கச் சொல்லி.”

நான் சாணக்யபுரியில் இருந்த நம் மாநில அரசின் விருந்தினர் இல்லத்துக்குப் போன் செய்தேன். எழுத்து மூலம் கொடுங்கள், ஊருக்கு எழுதிக் கேட்கிறோம் என்றார்கள். மனுவை எழுதினேன். கீழே யார் கையெழுத்து என்ற பேச்சு வந்ததும் பேனாவை மேஜைமேல் வைத்தேன். நான் சர்க்கார் உத்தியோகஸ்தன். காண்ட்ராக்டர் எவ்வளவு பெரியவனோ. அதைச் சொல்லவும் செய்தேன். இருதயசாமி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “நான் போடறேன் சார்” என்று வாங்கிப் போட்டார்.

 பிலோமினா புருஷனிடம் திரும்பினாள்.

“அல்போன்சாவ ஒரு நிமிஷம் நினைச்சுப் பாத்தீங்களா? அந்தாளு வீட்டு நம்பரைச் சொல்லிட்டுப் போயிருக்கான். செத்தவன் செத்துட்டான். நம்ம இருக்கணும்ல?”

“நினைச்சுத்தான் பாத்தேன் பிலோமி. அவளுக்கு ஒண்ணு ஆயி, நம்மகிட்ட யாரும் சொல்லலேன்னா எப்படி இருக்கும்? இந்நேரம் அந்தப் பொண்ணு அவன் வருவான்னு உலை வெச்சிருக்கும்.”

  விசாலாக்ஷி குறுக்கே வந்தாள்.

“ஏன்னா, ஆம்பளைகள் போய் நின்னுண்டு பொன்னி எங்கேன்னு கேட்டா எவ சொல்லுவா? பொம்மனாட்டி போய்க் கேக்கணும்.”

பிலோமினா தன் வெள்ளைப் புடவையைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். “அங்க குழந்தைங்க இருக்கும்ல?” என்று கேட்டாள். “போலியோ சொட்டு மருந்துன்னு பெட்டியைத் தூக்கிட்டுப் போனா எந்த சௌகிதாரும் தடுக்க மாட்டான். காலையில நான் போறேன்.”

வேண்டாம் என்று இருதயசாமி சொல்லப்போனார். “நீங்க பொணவறைச் சாவியப் பாத்துக்குங்க” என்றாள் அவள்.

அல்போன்சாவை அன்றிரவு எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள்.

வியாழக்கிழமை நான் லீவு போட்டேன். கையெழுத்துப் போடாத வெட்கம் இரவெல்லாம் தூங்கவிடவில்லை. மாஜிஸ்திரேட் ஆபீசில் மனுவைக் கொடுத்தேன். ஐயா பன்னிரண்டுக்குத்தான் வருவார் என்று ரப்பர் ஸ்டாம்பு குத்தி நகலைத் திருப்பித் தந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு பத்தரைக்கு மருத்துவமனைக்குப் போனேன்.

பிணவறை பூட்டியிருந்தது. வாசலில் வண்டி நின்றது. ஹெட் கான்ஸ்டபிளும் ஆபீஸ் பெரிய குமாஸ்தாவும் வெயிலில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். இருதயசாமி கதவுக்கு முதுகு கொடுத்து நின்றார். சாவி அவர் கைக்குள் இருந்தது.

“ரிஜிஸ்டர்ல பதினொண்ணு பத்துன்னு இருக்கு. இப்ப பத்து நாற்பது” என்றார். அவ்வளவுதான் அவர் பேச்சு. மனுவின் நகலை நான் காட்டினேன். ஹெட் கான்ஸ்டபிள் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “ஆர்டர் இருக்கிறதா? மனு ஆர்டர் ஆகுமா?”

பெரிய குமாஸ்தா, இப்போதே திறக்காவிட்டால் சஸ்பெண்ட் என்றார். இருதயசாமி சாலையின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் நிற்கும்போதெல்லாம் நானும் திரும்பிப் பார்த்தேன். மூன்று பஸ் வந்து போயிற்று. பிலோமினா இல்லை. ஏழு மணிக்குப் போனவள். அந்தத் தகரச் சுவருக்குள் அவளுக்கே ஏதாவது ஆகியிருக்குமோ என்ற நினைப்பு எனக்கு வந்தது. அவருக்கும் வந்திருக்கும். 

பதினொன்று பத்து. சட்டத்தைக் கவசமாக வைத்து நின்ற மனிதருக்கு அதே சட்டத்தின்படி அதற்கு மேல் நிற்க வழியில்லை. பூட்டைத் திறந்தார். அவரே உடலைத் தூக்கி வண்டியில் வைத்தார். பிறகு தானும் ஏறி அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“நீ எங்கே?”

“கூடப் போறேன். யாரும் இல்லாமப் போகக் கூடாது.”

எப்படியோ தொலையட்டும் என்று விட்டுவிட்டார்கள். வண்டி கிளம்பும்போது, “சார், நீங்க இங்கேயே நில்லுங்க. அவ வருவா” என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

பதினொன்று நாற்பதுக்கு வந்த பஸ்ஸிலிருந்து பிலோமினா இறங்கினாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பெண், இருபத்திரண்டு வயது இருக்கும். கால் முழுக்கச் செங்கல் தூசி. உள்ளே நுழைந்து குழந்தைகளுக்கு நிஜமாகவே மருந்து கொடுத்துக்கொண்டு குடிசை குடிசையாகப் போயிருக்கிறாள் பிலோமினா. பெயர் எழுத வேண்டும் என்று ஒவ்வொருத்தியையும் கேட்டிருக்கிறாள். யாரும் பொன்னி என்று சொல்லவில்லை. கடைசிக் குடிசையில் ஒரு கிழவி மட்டும், கண்ணால் பின்பக்கத்தைக் காட்டினாள். அங்கே இந்தப் பெண் துணிமூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். புருஷனை மதுராவில் வேறு வேலைக்கு அனுப்பியிருக்கிறோம், நீ ஊருக்குப் போ, அவன் அங்கே வந்துவிடுவான் என்று மேஸ்திரி சொல்லியிருந்தாராம். மத்தியான ரயில். வேலியில் ஒரு தகரம் கழன்றிருந்த இடம் வழியாக இருவரும் வெளியே வந்து, இரண்டு மைல் நடந்து பஸ் பிடித்திருந்தார்கள்.

பொன்னிக்கு பிலோமினா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். ஸ்கூட்டர் ரிக்‌ஷாவில் மூவரும் நெருக்கிக்கொண்டு யமுனைக் கரை மின்சுடுகாட்டுக்குப் போனோம். வழியில் அவள் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். “ஆஸ்பத்திரியத் தாண்டிப் போறமே, ஏன்?” பிலோமினா அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

முடிந்திருக்கும் என்றுதான் நான் நினைத்தேன். போய்ப் பார்த்தால் உடல் வெளியே மேடையில் கிடந்தது. பக்கத்தில் இருதயசாமி தரையில் உட்கார்ந்து, ஈரச் சாக்கால் அந்தக் கையை மூடிப் பிடித்திருந்தார். ஹெட் கான்ஸ்டபிள் சுடுகாட்டு குமாஸ்தாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

இருதயசாமி செய்த காரியம் இதுதான். சுடுகாட்டில் காகிதத்தை வாங்கிப் பார்ப்பவர்போல வாங்கி, காலியாக இருந்த பெயர்க் கட்டத்தில் தன் பேனாவால் ஹிந்தியில் ‘பொன்னியின் கணவர்’ என்று எழுதிவிட்டார். அந்த இரண்டு சொல்லால் எல்லாம் நின்றுவிட்டது. மனைவி இருக்கிறவன் லாவாரிஸ் ஆக மாட்டான். மனைவி இருந்தால் அவள் கையெழுத்து எங்கே என்று சுடுகாட்டு குமாஸ்தா கேட்டார். அடித்தல் திருத்தல் உள்ள காகிதத்தை ஏற்க முடியாது, புதுக் காகிதம் கொண்டுவா என்றார். முக்கால் மணி நேரமாக அதே சண்டை.

பொன்னி மேடையருகே போனாள். முகத்தை மூடியிருந்தது. இருதயசாமி சாக்கை மட்டும் விலக்கினார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். தன் பெயரை அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் அது எந்த இடத்தில் எப்படிக் கோணியிருக்கும் என்று தெரியும். விரலை அதன்மேல் வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

“எந்நேரத்துக்கு இங்க வந்தாரு?” என்று கேட்டாள்.

“திங்கக்கிழமை காலையில பதினொண்ணு பத்தும்மா.”

“அப்ப நான் செங்கல்லு சொமந்துக்கிட்டிருந்தேன்” என்றாள். “சாரத்துல ஆளக் காணமேன்னு மேல பாத்தேன். மதுராவுக்குப் போயிட்டான்னாங்க. சொல்லாமப் போயிட்டியேன்னு மூணு நாளா மனசுக்குள்ள திட்டிக்கிட்டே இருந்தேன்.”

அதன் பிறகுதான் அவள் அழுதாள். ஹெட் கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றிவிட்டு, கொஞ்ச தூரம் போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

செத்தவன் பெயர் கலியன். உடல் திரும்பவும் மருத்துவமனைக்கே வந்தது. பொன்னி கைநாட்டு வைத்தாள். வெள்ளிக்கிழமை பிரேதப் பரிசோதனை நடந்தது. உயரத்திலிருந்து விழுந்து மண்டையும் விலாவும் உடைந்தது என்று டாக்டர் எழுதினார். ஞாயிறு ராத்திரி வேலையில் நாலாம் மாடிச் சாரத்தில் கயிறு அறுந்திருக்கிறது. கேஸ் என்று வந்தால் வேலை நின்றுபோகும் என்று ராத்திரியோடு ராத்திரியாக உடலை நடைபாதைக்கு மாற்றியிருந்தார்கள். மேற்பார்வையாளன் ஒருவனைக் கைது செய்தார்கள். இரண்டாம் நாள் ஜாமீனில் வந்துவிட்டான். வழக்கு நாலு வருஷம் நடந்து அவனுக்கு மட்டும் ஆறு மாதம் தண்டனை ஆயிற்று. சஃபாரி உடுப்புக்காரனை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. ஆனால் ஒரு வருஷத்துக்கு அல்போன்சா தனியாக பஸ் ஏறவில்லை. நானோ பிலோமினாவோ கொண்டு விடுவோம்.

கலியனுக்குக் கொள்ளி வைக்க ஆண்பிள்ளை யாரும் இல்லை. பொன்னியே வைத்தாள். மூன்று வாரம் எழுபத்தாறாம் எண் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு ஊருக்குப் போனாள். சாட்சி சொல்ல இரண்டு தடவை வந்தாள். பிறகு அவளைப் பற்றித் தகவல் இல்லை.

இருதயசாமிக்குக் குற்றப்பத்திரிகை வந்தது. அரசாங்கக் காகிதத்தில் அதிகாரமின்றி எழுதியது குற்றம். மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடு, விட்டுவிடுகிறோம் என்றார்கள். பதிலை எழுதிக் கொடுத்தது நான்தான். அந்தத் தடவை கீழே என் பெயரையும் சாட்சியாகப் போட்டேன். நான் எழுதியது உண்மை, எழுதிய விஷயமும் உண்மை என்று அதில் இருந்தது. அவரைச் சலவைப் பிரிவுக்கு மாற்றினார்கள். பதினான்கு மாதம் கட்டில் விரிப்புகளை எண்ணினார். பிணவறையில் அவர் இடத்துக்கு மூன்று பேர் வந்து மூன்று பேரும் ஓடிப்போனார்கள். நாலாவதாக அவரையே கூப்பிட்டார்கள். சம்மதித்துவிட்டு வந்தபோது பிலோமினா இரண்டு நாள் பேசவில்லை. அந்தச் சண்டை மட்டும் பஸ் வருவதற்குள் தீரவில்லை.

“அங்க விரிப்பு எண்ணும்போது நல்லாத்தான் தூங்கினேன் சார்” என்றார் என்னிடம். “ஆனா பொணவறையில யாரு இருக்கா, அவங்க என்ன செய்வாங்கன்னே நெனப்பு.”

எண்பத்துநாலு நவம்பர் முதல் வாரத்தில், சீக்கியர்களைத் தேடித் தேடி எரித்த நாட்களில், அவர் பிணவறையில்தான் இருந்தார். தில்லியில் அப்போது இருந்தவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து நாள் வீட்டுக்கு வரவில்லை. பிலோமினா கொண்டுபோய்க் கொடுத்த சோற்றை வாசலிலேயே நின்று வாங்கிக்கொள்வாராம். எத்தனை பேர், எப்படி என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு தடவை மட்டும், “கால்கூட இல்ல சார் பாக்கறதுக்கு” என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

அந்த மாதக் கடைசியில் அவர் என் ஆபீசுக்கு வந்து, ஜி.டி. எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைக்குமா என்று கேட்டார். லால்குடியில் அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார். அப்பா சாவுக்குத் தந்தி தாமதமாகக் கொடுத்துவிட்டார் என்று பதினாலு வருஷமாக இருவருக்கும் பேச்சு இல்லை. மற்ற எல்லாச் சண்டையையும் அன்றன்றே தீர்க்கிற மனிதருக்கு இந்த ஒன்று மட்டும் பாக்கி இருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும். யாரிடமோ சொல்லி டிக்கெட் வாங்கிக் கொடுத்தேன்.

பத்து நாளில் திரும்பி வந்தார். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

“வாசல்ல பாத்ததும் கட்டிப் புடிச்சு அழுதாரு. சேந்து உக்காந்து சாப்பிட்டோம். மறுநாளே கெணத்துத் தண்ணிப் பங்குல மறுபடி சண்டை” என்றார். “என்னைவிட ஏழு வயசு பெரியவரு. என்னா குரல் சார் அவருக்கு இன்னும். ரெண்டு தெருவுக்குக் கேக்குது.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்குப் பொட்டலத்தை என் மேஜைமேல் வைத்துவிட்டு, டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.